நீலப் புள்ளி வைத்த பெட்டிகள்

பெட்டிக்கார அக்கா வீடு எது என்றால் அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை தடவப் போனவள். முதலாளி தொழிலை மூடியபோது, அட்டையில் கம்பிப் பின் அடிக்கும் மிஷினைத் தவணையில் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டியின் உள்மடிப்பிலும் ஒரு நீலப் புள்ளி வைப்பாள். பெட்டி பிரிந்துபோனால் திட்டு சரியான ஆளுக்கு வந்து சேர வேண்டுமாம்.

அந்த மிஷினைத்தான் அன்று சாயங்காலம் பழைய மிஷின் வியாபாரி தூக்கிப்போக இருந்தார். வங்கிகள் கடனை இறுக்கியதிலிருந்து, அவளிடம் வழக்கமாகப் பெட்டி வாங்கும் சோப்புக் கம்பெனி ஒரு பெட்டிகூடக் கேட்கவில்லை.

"சந்தையே படுத்துருச்சு. ஜனங்க எதையும் வாங்குறதில்ல" என்றார் கணவர்.

"அதுக்காகக் குளிக்கிறதையுமா நிறுத்திட்டாங்க?"

"உன் வாய்க்கு மட்டும் மந்தமே வராது. போய் அந்தக் கழிவு அட்டையையாவது காசாக்கிட்டு வா."

பழைய பேப்பர் கடை வாசலில் ஆளுயரத்துக்குக் காலிப்பெட்டிகள். ஒன்றைப் புரட்டினாள். நீலப் புள்ளி. அடுத்ததிலும் நீலப் புள்ளி. சோப்பு வாசனைகூட இன்னும் போகவில்லை.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு தம்பி?"

"தினமும் வருதுக்கா. மொத்த வியாபாரக் கடை குடோனெல்லாம் துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு. புதுச் சரக்கு எடுக்கத்தான் அவங்க கையில பணமில்ல. விக்கிற காசெல்லாம் பேங்க் கடனுக்கே போயிடுது."

அவள் கையிலிருந்த பெட்டியை மறுபடி புரட்டிப் பார்த்தாள். அப்படியென்றால் சோப்பு விற்றுக்கொண்டுதான் இருக்கிறது! வாங்கும் ஆள் எங்கேயும் போய்விடவில்லை. கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓடிய பணம்தான் நின்றுபோயிருக்கிறது. யாராவது ஒருவர் 'அப்புறம் கொடு' என்று சொன்னால் போதும், அதுவே பணமாகி ஓடும். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு காலிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சோப்புக் கம்பெனிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அங்கே முதலாளி, அடுப்பு அணைந்துபோன சோப்புக் கொப்பரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கடைங்க சோப்பு கேக்குதா இல்லையா?"

"கேக்காம என்னம்மா? கடனுக்குக் கேக்குது. எண்ணெய்க்கு ரொக்கம், பெட்டிக்கு ரொக்கம். நான் என்ன நோட்டா அடிக்கிறேன்?"

"இருக்குற ரொக்கத்துக்கு எண்ணெய் வாங்குங்க. பெட்டி நான் தர்றேன். சோப்பு வித்து காசு வந்ததும் எனக்குக் கொடுங்க."

"வராம போச்சுன்னா?"

"உங்க வீட்டுக் கூடத்துல வந்து பாயைப் போட்டுடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஐந்நூறு பெட்டி போடு" என்றபடி எழுந்து கொப்பரையைத் தட்டிப் பார்த்தார்.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்தார். "இருக்குறதே அந்த அட்டைக் கட்டுதான். அதையும் கடனுக்குக் கொடுத்துட்டா நடுத்தெருதான்."

அவள் கொண்டுவந்திருந்த காலிப்பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு மிஷினைப் போட்டாள். அவர் புள்ளியைப் பார்த்தார். பெட்டியை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு அட்டைக் கட்டின் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட ஆரம்பித்தார்.

வியாபாரி வந்து வாசலில் நின்று ஏதோ கத்தினார். கணவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"ஒண்ணும் கேக்கல, மிஷின் ஓடுது!"