டாக்டரம்மா கேட்கும் வரிசை

கம்ப்யூட்டரில் வந்த முதல் பாரத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அமுக்கினால் அரசு வேலை, தனியார் வேலை, வியாபாரம், மாணவர், இதர என்று ஒரு பட்டியல் விழும். தென்காசியில் எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த 'இதர'வுக்குள் போய் விழுந்தார்கள். வடகரையில் நெல் அறுக்கிறவர் இதர. புளியங்குடியில் எலுமிச்சை பறிக்கிறவர் இதர. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற அக்காமார் எல்லாரும் இதர. நெல் தாள் குத்தின கண்ணையும் புகையிலைத் தூள் விழுந்த கண்ணையும் ஒரே மாதிரி பார்க்க முடியுமா? எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பெட்டியைத் தூக்கி சிற்றாற்றில் போடலாம் போல இருந்தது.

நான் அங்கே கண் பரிசோதிக்கிறவள். பவர் பார்த்து, விவரம் எழுதி, டாக்டரம்மா அறைக்கு அனுப்புவது என் வேலை. டாக்டரம்மாவின் மகனும் கண் டாக்டர்தான். நாங்கள் அவரைச் சின்ன டாக்டர் என்போம். கேஸ் ஷீட்டை எல்லாம் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தவர் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஷீட்டைத் தேடி எடுப்பதற்குள் வந்தவர் வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். சில சமயம் வராமலே போய்விடுவார்.

டாக்டரம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "நான் ஆளு மொகத்தப் பாத்துப் பேசுதவ. பெட்டியப் பாத்துக்கிட்டு இருக்கணும்னா வீட்டுல டிவி இருக்கு. நான் அங்கனயே இருந்துக்கிடுதேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கும் அவர் மகனுக்கும் தெரியும். சின்ன டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அம்மா ஒத்துக்கிடுத மாதிரி ஒரு பாரம் வரணும். கம்ப்யூட்டர் கம்பெனி ஆளு வாராரு. கூட இருந்து நீங்கதான் செஞ்சு குடுக்கணும்" என்றார். டாக்டரம்மா இல்லாத அந்த அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்த புதிதில் அந்த வேலையில் சேர்ந்தவள் நான். வீட்டில் என்ன சண்டை இருந்தாலும், காலையில் பஸ் ஏறி அங்கே போய் அவர் குரலைக் கேட்டால் எனக்கு எல்லாம் லேசாகிவிடும். அவர் போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா கண் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊரைக் கேட்பார். அடுத்தது, கூட வந்திருப்பது யார். அதற்கப்புறம் வேலை. கண்ணுக்கு என்ன என்பது அதற்கும் பிறகுதான் வரும். அதிலும் எத்தனை நாளாக என்று கேட்கவே மாட்டார். "கார் அறுப்புக்கு முன்னாலயா, பெறகா?" என்று நெல் அறுப்பை வைத்துக் கேட்பார். வயல் இல்லாதவர்களிடம் குற்றாலத்துச் சாரல் காலத்தைச் சொல்லிக் கேட்பார். உடனே டக்கென்று பதில் வரும். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கும்போது புத்தகம் பிடிக்கிற தூரத்தில் அட்டையைக் காட்ட வேண்டும் என்பது பாடம். பீடி சுற்றுகிறவர்கள் வந்தால் டாக்டரம்மா விட மாட்டார். "ஏட்டி, சொளகு இருக்க எடத்துல காட்டு" என்பார். அவர்களுக்கு வேலையெல்லாம் மடியில் இருக்கிற சுளகில்தானே. அந்தத் தூரத்துக்குத் தெரியாத கண்ணாடியை வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்?

கம்பெனி ஆள் கோயம்புத்தூர்க்காரர். நல்ல சாரல் நேரத்தில் வந்து சேர்ந்தார். குற்றாலத்தில் ரூம் போட்டுக்கொண்டு காலையில் ஐந்தருவி, பகலில் எங்கள் ஆஸ்பத்திரி என்று இருந்தார். நான் எதைச் சொன்னாலும் "அது டெம்ப்ளேட்ல இல்லீங்க" என்பார். கூட வந்தவர் யார் என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்றேன். "அது தெரிஞ்சு கண்ணுக்கு என்னங்க ஆகப் போகுது?" என்று கேட்டார். தனியாக வந்தவர் வீட்டில் சொட்டு மருந்தை யார் ஊற்றுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கும் டெம்ப்ளேட்டில் இடமில்லையாம். மனுசன் பேசுகிற பேச்சே 'ங்க' 'ங்க' என்று மரியாதையாக இருந்ததால் சண்டை போடவும் முடியவில்லை.

ஒருநாள் காலையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார். கழற்றினால் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக இருந்தன. டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எந்த ஊரு தம்பி?"

"கோயம்புத்தூருங்க."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்லீங்க, தனியாத்தான்."

"அப்ப அருவிக்கரையில தலைக்கு எண்ணெ தேச்சு விட்டது யாரு?"

அவர் திருதிருவென்று விழித்தார். மசாஜ்காரர் சும்மா விடாமல் நெற்றி, இமை எல்லாம் தேய்த்திருக்கிறார். அதோடு இவர் போய் அருவியில் நின்றிருக்கிறார். கண்ணைக் கழுவி மருந்து விட்டுக்கொண்டே டாக்டரம்மா பேச்சை விடவில்லை. வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டார். அம்மாவுக்கு என்றார் அவர். "அம்மா கண்ண எப்பக் காட்டுன?" என்று டாக்டரம்மா கேட்டார். கம்பெனி ஆள் வெளியே போய் வராந்தாவில் நின்று ஊரில் அம்மாவுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், அதுவரை செய்து வைத்திருந்ததை எல்லாம் அழித்தார்.

"டாக்டரம்மா முதல்ல என்ன கேப்பாங்க, சொல்லுங்க" என்றார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. வெளியே சாரல் பெய்துகொண்டே இருக்கும். யாரோ கொண்டு வந்து கொடுத்த எலுமிச்சம்பழம் மேசை பூராவும் உருளும். நான் சொல்லச் சொல்ல அவர் கட்டம் போடுவார். ஊர், கூட வந்தவர், மருந்து ஊற்றப் போவது யார், கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவம், சாரல் எல்லாம் வந்தன. 'இதர' ஒழிந்தது. சுளகு என்றால் என்ன என்று கேட்டார். உங்கள் ஊர் முறம்தான் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு கட்டம் போட்டார். இத்தனைக்கும் அது ஒரு வெறும் பாரம். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுகிற மாதிரி சந்தோஷமாகச் செய்தோம்.

பாரம் தயாரானதும் டாக்டரம்மாவுக்குப் பக்கவாட்டில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அவர் கேட்பார், வந்தவர் சொல்லுவார், நான் தட்டுவேன். அவர் கேட்கிற வரிசையிலேயே கட்டம் வந்ததால் நான் எதையும் தேட வேண்டியதில்லை. முதல் நாள் அவர் ஒரு தடவைகூடக் கம்ப்யூட்டர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கும்போது, "பெட்டி இருந்ததே தெரியல ட்டி" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

அப்படியே பிசானம் முடிந்து அடுத்த சாரலும் வந்தது. ஒருநாள் டாக்டரம்மா திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியில் சின்ன டாக்டர் உட்கார்ந்தார். சின்ன டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் பேச்சு வராது. "என்ன பண்ணுது?" என்பதற்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை. அன்றைக்கு வந்த ஒரு ஆச்சியிடம், பாரத்தைப் பார்த்து, "ஆச்சி எந்த ஊரு? கூட யாரு வந்திருக்கா?" என்று ஆரம்பித்தார். அந்த ஆச்சி யாரும் வரவில்லை என்றாள். மருந்து யார் ஊற்றுவார்கள் என்று கேட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொன்னாள், பிறகு செத்துப்போன வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள், அழுதாள். அவர் பாரத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் டாக்டரம்மா. கல்யாணத்திலிருந்து நேரே வந்திருக்கிறார், பட்டுச்சேலை கூட மாற்றவில்லை. உள்ளே வராமல், என்னை மட்டும் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டார்.

"நான் இனி வரல ட்டி" என்றார். "அவன் கேக்கத் தொடங்கிட்டான். இனி அவன் இருக்கட்டும்."

எனக்கு அந்தப் பாரத்தை அங்கேயே அழித்துவிட வேண்டும் போல இருந்தது. "நீங்க போயிரக் கூடாதுன்னுதானம்மா நான் அதச் செஞ்சேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும் ட்டி" என்றார். "அதான் அவ்வளவு நல்லா வந்திருக்கு."