சுமாவும் சும்மாவும்

பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "அது உங்ககிட்டயே இருக்கட்டும், வேற ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சொல்லும் கடைக்காரரைப் பார்த்து என் தோழிகள் உருகிப்போவார்கள். என்ன தங்கமான மனுஷன் என்பார்கள். நான் உருக மாட்டேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஹொக்கியன் சீனர். தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'வாங்க'. வாசலில் நின்று வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிடுவார். வந்தவர்களிடம் அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார். அந்த முழியைத் தீர்க்கத்தான் என்னை வைத்துக்கொண்டார்.

அவர் விற்ற சாமானைத் திரும்ப வாங்க மாட்டார். பாத்திரமெல்லாம் அக்கரையில் இருந்த மாக் மண்டின் பட்டறையிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தவை. கோணல் மூடி ஒன்றைத் திருப்பி அனுப்ப லாரிக்காரனிடம் கெஞ்சுவதைவிட, புது மூடி ஒன்றைக் கொடுத்து, பழையதையும் நீயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிடுவது அவருக்கு மிச்சம். கோணல் மூடியைக் கடையில் வைத்தாலோ, அடுத்து வருகிறவர் குறி வைத்தது போல அதைத்தான் எடுத்துப் பார்ப்பார். அவருடைய தாராளமெல்லாம் மூடி அளவுதான். பானை வரைக்கும் போகாது.

எனக்கு அந்த வேலை உயிர். "வேலை நெலைச்சா இரு. இல்லன்னா ஈப்போ மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈப்போ மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று பார்த்தது என்னையல்ல, தட்டிலிருந்த வடையை. கடைசி வடை தீர்ந்ததும் "புடிச்சிருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா அலுமினியப் பானையோடு வந்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலாய் ஒரு சொல்லும் தெரியாது. பானையில் உலை கொதித்தால் மூடி கரகாட்டம் ஆடுகிறது என்பது அவர் புகார். வாயால் சொல்ல முடியாததால் கையால் ஆடிக் காட்டியிருக்கிறார்.

தவுக்கேக்குப் புரிந்துவிட்டது. அதே அளவில் புதுப் பானை ஒன்றை மூடியோடு எடுத்து முன்னால் வைத்து, "சுமா தூடோங், சுமா தூடோங்" என்றார். மலாயில் தூடோங் என்றால் மூடி, சுமா என்றால் மட்டும். மூடியை மட்டும் எடுத்துக்கொள் என்றார் மனிதர். அக்காவின் காதில் விழுந்தது 'சும்மா'. அதுவும் இரண்டு தடவை. தூடோங் என்னவோ சீன மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டார். பெரிய கும்பிடாகப் போட்டு, புதுப் பானையை மூடியோடு ஒரு இடுப்பிலும் பழைய பானையை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது தவுக்கேயின் முகம் சிவந்திருந்தது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாமே என்றேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு பானைக்காகப் பெண்பிள்ளையின் பின்னால் ஓடினால் தெருவே சிரிக்காதா என்று கேட்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "உன்னை எதுக்கு வச்சிருக்கேன்? போய்ப் பானையை வாங்கிட்டு வா. இல்லாட்டி நாளைக்கு நீ வர வேணாம்லா."

பழைய பானையை விற்றவளே நான்தான் என்பதால், அக்காவின் வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருப்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது கண்ணுக்கு முன்னால் ஒரே வடையாகத் தெரிந்தது. கண்டிப்பாகப் பேசுவது, பானையை வாங்குவது, திரும்பிப் பார்க்காமல் வருவது என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

கதவைத் திறந்ததும் நெய் மணம். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வா தங்கச்சி, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்க" என்று உட்கார வைத்துவிட்டு, அந்தப் புதுப் பானையிலிருந்தே சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைத்தார். பானையின் அடி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. "இந்த ஊருக்கு வந்து யாரும் எனக்கு ஒரு வெத்தலை பாக்குக்கூட சும்மா குடுத்ததில்ல. ஒங்க மொதலாளி பானையே குடுத்துட்டாரு. அதான் சாமிக்கு வச்சேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். பொங்கல்தான் உள்ளே போனது. எத்தனையோ தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பானையைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முந்திரிப்பருப்பு வேறு நிறையப் போட்டிருந்தார்.

வெறுங்கையோடு திரும்பி, தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னேன். தமிழில் சும்மா என்றால் இலவசம், அதுதான் குழப்பம் என்றேன். அவர் கணக்கைத் தீர்க்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும் பார்த்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரவு முழுக்கப் புரண்டேன்.

மறுநாள், போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கடைக்குப் போனேன். வாசலிலேயே அக்கா நிற்கிறார். பின்னால் அடுக்குமாடிப் பெண்கள் ஒரு படை. தவுக்கே வாங்க என்று சொல்லக்கூட மறந்து நின்றார். எல்லோருக்கும் சும்மா வேண்டுமாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், முடிந்தது கதை என்று.

அக்கா இட்லிச் சட்டி எடுத்தார், வாணலி எடுத்தார், குடம் எடுத்தார். தவுக்கே நடுங்கும் குரலில் விலை சொன்னார், வழக்கம் போலப் பாதிக்குக் கேட்பார்கள் என்று இரண்டு பங்காக. அக்கா முந்தானையிலிருந்து வெள்ளி நோட்டுகளை எடுத்து அப்படியே வைத்தார். "சும்மா குடுத்தவருகிட்ட பேரம் பேசலாமாடி?" என்று கூட வந்தவர்களை அதட்டினார். அவர்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கினார்கள். எங்கள் ஊரில் தமிழ்ப் பெண்கள் பேரம் பேசாமல் பாத்திரம் வாங்கியது அன்றைக்குத்தான்.

கூட்டம் போனதும், அந்த அம்மா என்ன சொன்னார் என்று தவுக்கே கேட்டார். சொன்னேன். நெடுநேரம் கல்லாவைத் தடவிக்கொண்டிருந்தார். "நேத்து அவகிட்ட உண்மையைச் சொல்லாம வந்தியே, நல்லதாப் போச்சு. இனிமேலும் சொல்லாதே. நாளைக்கு வெள்ளனே வா" என்றார். தெர்மாஸ் அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம். ஈப்போவுக்கு வேறு வடை கிடைத்திருக்கும்.

கடைக்காரர்கள் ஏன் சும்மா கொடுத்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக அன்று பெருமைப்பட்டேன். ஓசியில் ஒன்றை வாங்கியவர் அதற்குப் பிறகு பேரம் பேச வாய் திறக்க முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

தீபாவளி நெருங்கிய சமயம் அக்கா கரண்டி வாங்க வந்தார். தவுக்கே உள்ளே இருந்தார். அக்கா என் பக்கம் குனிந்து, "ஏ தங்கச்சி, சுமான்னா மட்டும்னு அர்த்தமாமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பக்கா தெரிஞ்சிச்சு?"

"நீ வீட்டுக்கு வந்தியே, அன்னைக்கேதான். பொங்கலை எறக்கி வச்சிட்டுக் கீரை வாங்கக் கீழ போனேன். கீரைக்காரி சுமா என்னவோன்னா. நான் கட்டைத் தூக்கிட்டு நடந்தேன். அவ என் முந்தானையப் புடிச்சி இழுத்து ஊரைக் கூட்டிட்டா. கூடுனவங்கதான் அர்த்தம் சொன்னாங்க. மானத்தை வாங்கிட்டா போ. மேல வந்து உக்காருறேன், நீ கதவைத் தட்டுற."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சாமிக்குப் படைச்ச பானைய எப்படித் திருப்பிக் குடுக்கறது? வேலை போகப் போவுதுன்னு ஒம் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. ஆனா நீ கேக்கல. வாயில பொங்கலை வச்சிக்கிட்டு முழிச்ச."

நான் கரண்டியைத் துணியால் துடைத்து நீட்டினேன்.

அக்கா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் மறுநாள் எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்தேன். அந்த ஆளு சொன்ன வெலைக்குப் பேரம் பேசாம நிக்க நான் என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான்டி தெரியும்."