கேனில் வந்த ஆறு

ஆடி அமாவாசைக்கு முறப்பநாட்டுத் தாமிரபரணியில் முழுகிவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். பையில் திணித்து வந்த ஈர வேட்டியை அலுப்பில் அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று காலையில் பிரித்தால் பாசியும் எள்ளும் கலந்த ஒரு வாசனை. இரண்டு பஸ் மாறிப் போய்வந்ததில் முழங்கால் இன்னும் கடுக்கிறது. படித்துறையில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். முழுகுவதற்குப் படுக்க வேண்டியிருந்தது. என் வயதில் ஆற்றுக்குள் படுத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கைகொடுத்தார்.

இந்த வாசனை அந்தக் காலத்தில் ஒரு வேன் நிறைய இருக்கும். நான் தீப்பெட்டி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், கோவில்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து ஆடி அமாவாசைதோறும் தாமிரபரணிக்கு ஒரு வேன் போகும். திரும்பும்போது ஜன்னல் கம்பிகளில் வேட்டியும் சேலையும் படபடக்கும். ஆடிக் காற்றில் கயத்தாறு வருவதற்குள் காய்ந்துவிடும். எனக்கு நாட்குறிப்பு எழுதும் வியாதி உண்டு. வேன் கிளம்பிய நேரம், வந்தவர்களின் பெயர்கள், ஆற்றில் எத்தனை படிகள் முங்கியிருந்தன என்பதுவரை எழுதுவேன். இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் கேட்கவில்லை.

அந்தக் குறிப்புகளில் ஒரு வருடம் மட்டும் அண்ணன் பெயர் இல்லை. அப்பா இறந்த பிறகு, மூத்த மகன் என்ற முறையில் ஆற்றில் முழுகி அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதை அண்ணன் ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த ஆனியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. அமாவாசையன்று விடியும் முன்னே என்னைக் கூப்பிட்டார். மதினி வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்கு நான் வர முடியாது. ஒரு கேன்ல கொண்டா. தலைக்கு ஊத்திட்டு இங்கனயே எறச்சிருதேன். நீ வாரவரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது."

மத்தியானம் இரண்டு மணிக்கு வேன் வந்து சேர்ந்தது. ஐந்து லிட்டர் கேனை அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, வேனில் வந்த வயதானவர்களை அவரவர் வீட்டில் விடப் போனேன். கேன் எதற்கென்று மதினியிடம் சொல்லவில்லை. படிக்கட்டை எண்ணி எழுதத் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்தால் கேன் காலி. அடுப்பில் உலை கொதிக்கிறது.

"மதினி, தண்ணி எங்க?"

"ஒலைக்கும் கொழம்புக்கும் ஊத்திட்டேன். கொழாய்ல தண்ணி வந்து பத்து நாளாச்சு. மாமாவுக்குப் படையல்லா, உப்புத் தண்ணியிலயா பொங்க முடியும்?"

"அது அண்ணன் தலைக்கு ஊத்துததுக்கு."

கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல மதினி என்னைப் பார்த்தார். "நல்ல தண்ணிய மேலுக்கா?"

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் ஊரில் பிறந்தவர் அவர். அங்கே குளிக்க உப்புத் தண்ணீர். தொலைவிலிருந்து சுமந்து வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் பொங்கவும் மட்டும். அதை உடம்பில் ஊற்றுவது சோற்றை மிதிப்பதற்குச் சமம்.

உள்ளிருந்து அண்ணன், "ஏலே, அங்க என்ன பேச்சு? கேன் எங்க?" என்றார். சொன்னேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி. இந்த வருசம் அப்பாவுக்குத் தண்ணி கெடையாதுன்னு உன் நோட்டுல எழுதிக்கோ."

இனி ஆற்றுக்குப் போய் வந்தால் இருட்டிவிடும். பொழுது சாய்வதற்குள் இறைத்தாக வேண்டும். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது மதினி ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். மாட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த, அரிசி களைந்த தண்ணீர்.

"இதுவும் அந்தத் தண்ணிதான். ஒரு சொட்டு கீழ விடல."

"ஏட்டி, மாட்டுக்கு வைக்கதயா என் தலையில ஊத்தப் போற?"

"ஆறு மட்டும் பன்னீராவா வருது? அதுவும் கலங்கித்தான் வருது. குனிங்க."

அண்ணன் குனிந்தார். மாவுக்கட்டின்மேல் உரச்சாக்கைச் சுற்றி, முற்றத்தில் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தோம். மதினி செம்பு செம்பாக ஊற்றினார். ஒவ்வொரு செம்புக்கும் மாட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அண்ணன் தலையில் குருணை ஒட்டியிருந்தது. கடைசிச் செம்பை வாங்கி, எள்ளைக் கையில் அள்ளி, அப்பா பெயரைச் சொல்லி இறைத்தார். மணி நாலேகால். சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல், "சோறு ருசியாத்தான் இருக்கு" என்றார்.

நாட்குறிப்பில் அன்று அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆற்றுக்கு வராதவரை வந்தார் என்று எப்படி எழுதுவது? அப்படி ஒரு விறைப்பு எனக்கு. எழுதியிருக்கலாம்.

அண்ணனும் மதினியும் போய்விட்டார்கள். வேன் நின்றுபோய் எத்தனை வருடம் என்று என்னிடம் குறிப்பு இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் தெம்பில்லை. குளிக்கவும் பொங்கவும் மாடித்தொட்டியிலிருந்து ஒரே தண்ணீர் வருகிறது. நேற்று அண்ணன் மகன் சென்னையிலிருந்து பேசினான்.

"காலைலயே ஷவர்ல குளிச்சு எறச்சிட்டேன், சித்தப்பா. ஏழு மணிக்கெல்லாம் டிபன் முடிஞ்சுட்டு."

தப்பென்று சொல்ல முடியாது. அவன் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் ஆற்றிலிருந்து ஒருவன் வந்து சேரட்டும் என்று, தொண்டை வறள மத்தியானம்வரை உட்கார்ந்திருக்க எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.