பேபி கண்ட கோடு

படப்பையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள் பேபி. கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். பிளாஸ்டிங் பெட்டியில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போக, "நான் பாக்கட்டாண்ணா?" என்று ஹெட் மெக்கானிக் சம்பந்தத்திடம் கேட்டாள். ஆறு வருஷமாக அந்தப் பெட்டி அவளுடையதுதான்.

கண்ணாடி பதித்த இரும்புப் பெட்டி அது. முன்னால் உள்ள இரண்டு ஓட்டைகளில் நீளமான ரப்பர் கையுறைகள். அதற்குள் கையை விட்டு, பாகத்தைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தால் காற்றோடு பொடிமணல் சீறும். துருவும் பெயிண்டும் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் இரும்பு வெளியே வரும்.

மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை, ராஜகீழ்ப்பாக்கம் மோகன்ராஜின் அறுபது வயதுக் காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் ஆர்ம் வந்தது. சக்கரத்தைத் திருப்பும் பாகம். சுத்தம் செய்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது, வளைவில் மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு. துடைத்தாள், போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

பேபி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காற்றை அதிகமாக வைத்துத் தான்தான் உடைத்துவிட்டோமோ? பேசாமல் பெயிண்டுக்கு அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தத்திடம் நீட்டினாள்.

"அண்ணா, இங்க ஒரு கோடு கீது. தொடச்சாலும் வருது."

வண்டி வேலையைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற மோகன்ராஜ் முகம் சுளித்தார். "மணல் பட்ட கீறலா இருக்கும்மா. இன்னைக்கு மாட்டினாதான் சண்டே ஏற்காடு கிளம்ப முடியும்."

"கீறல்னா உள்ளேர்ந்து ஏன் சார் துரு கசியுது? புள்ளைங்கள இட்டுகினு போறீங்க. ஒரு வாட்டி பாத்துடலாம் சார்."

சம்பந்தம் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணப்பொடி தூவினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே புகுந்திருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு ஒன்று மெல்லப் படர்ந்து, ஏறக்குறைய முழு வளைவையும் சுற்றி வந்தது. சம்பந்தம் அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் பூட்டிச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் போனது.

உடைந்த இடத்தைப் பேபியிடம் காட்டினார். "பாரு, முக்கால்வாசி கருத்துப் போய் கீது. புதுசா ஒடஞ்சா பளபளன்னு இருக்கும். எந்தக் காலத்து வெடிப்போ! நீ பண்ணல."

பேபிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மோகன்ராஜ் அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மலை இறங்கும்போது ஒடஞ்சிருந்தா... என் பேத்தி முன்சீட்டுலதான் உக்காருவேன்னு அடம்புடிச்சா," என்றார். "நல்லவேளைம்மா."

கீழ்க்கட்டளையில் அதே மாடல் கார் வைத்திருந்த நண்பரிடமிருந்து வேறொரு ஆர்ம் கிடைத்தது. அதையும் பேபிதான் சுத்தம் செய்தாள். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தும், சுண்ணப்பொடி தூவிப் பார்த்தும் கோடு எதுவும் வரவில்லை.

பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோகன்ராஜ் போன் செய்தார்.

"ஏற்காடு வந்து சேந்துட்டோம்மா. வண்டி சும்மா வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

"எறங்கும்போது மெதுவா வாங்க சார்," என்றாள் பேபி.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு போன் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.