முக்கால் காது மேஸ்திரி

1. உள்ளே போன அம்மா

மைமூன் அம்மா புது பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் என் மனைவி செல்வியும் வெளியே நின்றோம், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

நாங்கள் இருவரும் சொந்தமாக எடுத்த முதல் முழு வேலை அது. ஹால் தரை, கிச்சன், பாத்ரூம் மூன்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இன்னும் ஒன்பது நாளில் அந்த வீட்டில் மகளுக்கு நிக்காஹ். செல்விக்கு அப்போது ஏழு மாதம். எனக்கும் வயிறு இருந்தது, ஆனால் அது பஸ் ஸ்டாண்டு பஜ்ஜியால் வந்தது.

அம்மா ஒரு நிமிஷத்திலேயே வெளியே வந்தார். தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"தம்பி, கக்கூஸு ரொம்ப நல்லாருக்குது. ஆனா நான் அதுல உக்கார முடியாதே."

உயரம் ஜாஸ்தியா என்று கேட்டேன். அதற்கும் ஒரு பலகை போட்டுக்கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் அளவெடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"ஒசரமெல்லாம் சரியாத்தான் இருக்குது. அஞ்சு வேளையும் மேக்க பாத்துத் தொழுவுறோம். அதே மேக்க பாத்து இதுலயும் உக்காரச் சொல்றீங்களே."

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்தே டைல்ஸ் அறுக்கலாம்.

2. காதும் காதும்

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கை நல்ல கை. பதினாறு வருஷம் டைல்ஸ் ஒட்டிய கை. பிரச்சினை காதில். டாக்டரிடம் காட்டினால் நன்றாகத்தான் கேட்கிறது என்பார். ஆனால் யார் எது சொன்னாலும் முக்கால்வாசி கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். மீதிக் கால்வாசி காற்றோடு போகும்.

தமிழில் இது பெரிய ஆபத்து. நம் பேச்சில் வேணும், வேணாம் இரண்டும் கடைசியில்தான் வரும். முக்காலில் எழுந்து போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

பெண் பார்க்கப் போன அன்றே இது நடந்தது. என்னைப் பிடித்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டேன். செல்வி குனிந்தபடியே, "உங்களப் புடிக்கல..." என்று ஆரம்பித்தாள். நான் கும்பிடு போட்டுவிட்டு நேராகக் கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லலாம். மறுநாள் அவள் அண்ணன் வீடு தேடி வந்தான். "புடிக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்னு அவ சொல்றதுக்குள்ள எங்க ஓடுனீங்க மாப்ள?" என்றான். 'மாப்ள' என்பது மட்டும் முழுசாகக் கேட்டது.

செல்வி நேர் எதிர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஏழு வருஷம் எங்கள் ஊர் செராமிக் யூனிட் ஒன்றில் செக்கிங்கில் இருந்தவள். சூளையிலிருந்து வரும் சாமானை விரல் கணுவால் தட்டிக் காதில் வாங்குவாள். 'ணங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் வீட்டில் தேங்காய், தர்பூசணி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் தட்டுவாள். கல்யாணமான புதிதில் என் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரிஜக்டு" என்றாள்.

நான் ஒட்டிய தரையை அவள் நாணயத்தால் தட்டி, அடியில் காற்று நிற்கும் கல்லுக்கு மட்டும் சாக்பீஸில் பெருக்கல் குறி போடுவாள். என் வேலையில் பெருக்கல் குறி குறையக் குறையத்தான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. ஒட்ட ஒருத்தர், தட்ட ஒருத்தர். நாமே பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுத்தால் என்ன?

அதுவரை நான் கலியமூர்த்தி மேஸ்திரியிடம் வேலை பார்த்தேன். போய்ச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சிரித்தார். "புருஷன் ஒட்டுவானாம், பொண்டாட்டி தட்டுவாளாம். போயிட்டு வா. ஆறு மாசத்துல கரண்டியோட எங்கிட்டதான் வந்து நிப்ப. எடம் வச்சிருக்கேன்" என்றார். அதை மட்டும் ஏனோ கடைசிச் சொல் வரை கேட்டேன்.

மைமூன் அம்மா வீட்டு வேலை நடந்தது அவரை விட்டு வந்த ஐந்தாவது மாதம்.

3. சாதிக் பாய் சொன்னது

அம்மாவின் மகன் சாதிக் பாய் துபாயில் இருக்கிறார். அங்கிருந்தே போட்டோ பார்த்து, சந்தன நிறத்தில் கிளாசெட்டும் வாஷ் பேசினும் ஒரே செட்டாகத் தேர்ந்தெடுத்துக் கடையில் வரவழைத்திருந்தார். கிளாசெட் வைக்கப் போகிற அன்று காலையில் போன் செய்தார். லைன் இழுத்து இழுத்து வந்தது.

"மேஸ்திரி, வெஸ்டர்ன் டாய்லெட்டு, பாத்து வைங்க. மேக்க பாத்து..." என்றார். லைன் போய்விட்டது.

இங்கே ஒரு புத்திசாலி என்ன செய்வான்? திரும்பக் கூப்பிடுவான். நான் என்ன செய்தேன்? வெஸ்டர்ன் என்றால் மேற்கு, மேற்குச் சாமானை மேற்கே பார்த்து வைக்கச் சொல்கிறார், எவ்வளவு நியாயம் என்று நினைத்து, பாயின் இங்கிலீஷ் அறிவை மனசுக்குள் பாராட்டிவிட்டு, கிழக்குச் சுவரில் முதுகு ஒட்டி ஜோராக வைத்துவிட்டேன். கலியமூர்த்தியிடம் இருந்தவரை திசையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார், நான் கலவை மட்டும் பார்த்துக்கொண்டேன். மூன்று தெரு தள்ளிப் பள்ளிவாசல். தினமும் பாங்கு கேட்டுத்தான் சாப்பாட்டுக்கு இறங்குவேன். அந்த நேரத்தில் மூளை முன்னாடியே சாப்பிடப் போயிருந்தது போல.

லைன் விழுங்கிப்போன அந்தக் கடைசிச் சொல் 'வச்சிடாதீங்க'.

அம்மா மகனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, என்னிடம் கொடுத்தார். சாதிக் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தொழுவுற கிப்லா திசைக்கு முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. வடக்கோ தெற்கோ பாத்து மாத்துங்க. தரைய ஒடச்சி பைப்ப மாத்துனா காயறதுக்கே நாள் பத்தாது. கிளாசெட்டு ஒடஞ்சா மறுபடி வர இருவது நாள் ஆவும். நாலு நாள் பாருங்க. முடியலன்னா கலியமூர்த்தி மேஸ்திரிய வரச் சொல்லிட்டேன்."

கலியமூர்த்தி வந்து என் வேலையை உடைத்துச் சரி செய்தால், ஊரில் அடுத்த வீட்டை யார் கொடுப்பார்கள்? அவர் வைத்திருக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான். ஏழு மாதப் பிள்ளையையும் சேர்த்து மூன்று பேர்.

4. ஓட்டையைச் சுற்றி

அன்று மத்தியானம் நான் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வி டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் அளந்தாள். வந்து என்னிடமிருந்து ஒரு பஜ்ஜியைப் பிடுங்கித் தின்றாள். பிறகுதான் பேசினாள்.

"ஓட்டைய எதுக்குங்க மாத்தணும்? ஓட்டைக்கு ஏது கெழக்கு மேக்கு?"

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்தேன். "உக்காருங்க, இன்னும் முடிக்கல" என்றாள்.

யோசனை இதுதான். கிளாசெட்டின் அடிவாய் தரையில் இருக்கிற ஓட்டைக்கு மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கோயிலில் ஆத்மப் பிரதட்சிணம் செய்கிற மாதிரி, கிளாசெட்டை அதே ஓட்டைமேல் நின்ற இடத்திலேயே கால் சுற்று திருப்பினால் வடக்கே பார்த்துவிடும். பைப்பைத் தொட வேண்டாம், தரையை உடைக்க வேண்டாம். ஆனால் தெற்குச் சுவர் ஓட்டையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. கிளாசெட்டுக்கு ஒரு அடி போதும். முதுகுக்குப் பின்னால் அரையடி சந்து விழும்.

"அந்தச் சந்துல கரப்பான் குடும்பம் நடத்துமே" என்றேன்.

"செங்கல் வச்சி ஒரு திண்டு கட்டுங்க. மேல சோப்பு, செம்பு வைக்கட்டும்" என்றாள். கலியமூர்த்தி முப்பது வருஷத்தில் யோசிக்காததை இவள் ஒரு பஜ்ஜியில் யோசித்துவிட்டாள்.

ஆனால் முதலில் ஒட்டியதைக் கழற்ற வேண்டும். நான் வைத்தது லேசில் வராது, கை நல்ல கை என்று முன்பே சொன்னேன். அன்றுதான் என் வேலை இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டாமே என்று வருந்தினேன். செல்வி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கிளாசெட்டின் அடி விளிம்பை நாணயத்தால் அங்குல அங்குலமாகத் தட்டினாள். வயிறு இடித்ததால் பாதி தட்டியதும் ஸ்டூலை அந்தப் பக்கம் தூக்கிப் போடச் சொன்னாள்.

"இங்க டப்புன்னு கேக்குது. இங்கதான் ஒயிட் சிமெண்ட்டு சரியா புடிக்கல. இங்கேர்ந்து அறுங்க."

போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, அவள் சொன்ன இடத்தில் மெல்லிய பிளேடைக் கொடுத்து இழுத்தேன். அவள் தட்ட, நான் அறுக்க, மைமூன் அம்மா வாசலில் நின்று ஓத, சாயந்திரம் டீ வரும் நேரத்துக்குக் கிளாசெட் ஒரு முனகல் முனகிவிட்டு முழுசாகக் கையோடு வந்தது. செல்வி அதைத் தட்டினாள்.

ணங்.

அம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் எங்கள் ஊர் முருகனை நினைத்து, "கொளஞ்சியப்பா" என்றேன். யார் கேட்டு உதவியது என்று தெரியவில்லை. இருவருக்கும் நன்றி.

5. உட்காருகிற சோதனை

மறுநாள் திருப்பி வைத்துத் திண்டையும் கட்டினேன். திண்டுக்கு மேலே ஒட்ட அதே டைல்ஸ் மிச்சமில்லை. செல்வி தன் பழைய யூனிட்டுக்குப் போய், அங்கே ஒதுக்கிப் போட்டிருந்த நீலக் கிளேஸ் துண்டுகளைப் பை நிறையக் கேட்டு வாங்கி வந்தாள். ஆட்டோவில் வரும்போதே தட்டிப் பார்த்துப் பாதியைக் கழித்துவிட்டாளாம். அவற்றைத் துண்டு துண்டாகப் பதித்தோம்.

நான்காம் நாள் காலையில் சாதிக் பாய் வீடியோவில் வந்தார். பக்கத்துச் சுவர் ஒரு அடியில்தான் இருக்கிறது, பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கை இடிக்காதா என்று சந்தேகப்பட்டார். நான் பதில் தேடுவதற்குள் செல்வி மூடியைச் சாத்திவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பீரமாக அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நாங்க ரெண்டு பேரு உக்காந்திருக்கோம், பாய். எடம் இன்னும் இருக்குது."

துபாயில் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. மைமூன் அம்மா சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு செல்வியின் கன்னத்தை வழித்து, "இனிமே இவருக்கு யாரும் போன்ல ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லாத்தயும் இந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க" என்றார். அன்று முதல் எங்கள் கம்பெனியில் அதுதான் சட்டம். வாடிக்கையாளர் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். செல்வி கடைசி வரை கேட்டு, காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைப்பாள்.

கலியமூர்த்தி வரவில்லை. அதாவது, வேலைக்கு வரவில்லை. நிக்காஹ் பிரியாணிக்கு வந்தார். கை கழுவப் போனவர் பாத்ரூமில் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்து, "அது இன்னாடா பின்னால நீலமா ஒரு திண்டு?" என்றார். புது மாடல் என்றேன். அவர் மட்டுமல்ல, அன்று பாத்ரூமுக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் அம்மாவிடம் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் நீலத் திண்டோடு பாத்ரூம் வேண்டும் என்று கேட்டார்கள். மேற்கே பார்க்காத வீட்டிலும், திசையே பார்க்காத வீட்டிலும் திண்டு கட்டினேன். போன மாதம் கலியமூர்த்தியே போன் செய்து, "பின்னாடி எத்தன இஞ்சுடா உடற?" என்று கேட்டார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

6. வர...

நிக்காஹ் முடிந்த இரண்டாம் மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டில் திண்டு கட்டிக்கொண்டிருந்தேன். செல்வி போன் செய்தாள்.

"ஏங்க, வலி வந்துடிச்சி. அண்ணனோட ஆட்டோல ஏறிட்டேன். நீங்க வர..."

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

நான் திருந்திய மனிதன் அல்லவா? கடைசிச் சொல் தெரியாமல் ஒன்றும் செய்வதில்லை என்று சபதம் போட்டவன். வரணும் என்றாளா? வர வேணாம் என்றாளா? வரலன்னாலும் பரவாயில்லையா? கையில் கரண்டியோடு இலக்கணம் யோசித்துக்கொண்டு நின்றேன். பத்துத் தடவை போன் போட்டேன். வீட்டுக்கார அக்கா பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "யோவ், பொண்டாட்டி புள்ளப் பெக்கப் போயிருக்குது. நீ இன்னா எழுத்துக் கூட்டிப் படிச்சினு நிக்கிற?" என்று என் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் துரத்தினார்.

தலையில் சிமெண்ட்டோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மகள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பிறந்ததும் அவள் போட்ட கூச்சல் வார்டு முழுக்கக் கேட்டதாம். "கீறலே இல்ல, சுத்தமான ணங்கு" என்றாள் செல்வி. ஏன் லேட் என்று கேட்டாள். கடைசிச் சொல் கேட்கவில்லையே, அதற்காகக் காத்திருந்தேன் என்றேன்.

அவள் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, தலையில் கணுவால் தட்டினாள். டப்.

"வர்றப்ப சார்ஜர எடுத்துனு வாங்கன்னு சொல்ல வந்தேன்."

தம்பிகளே, தங்கைகளே, என் பதினாறு வருஷத் தொழிலில் கற்றது இவ்வளவுதான். வேலை கொடுக்கிறவர் பேசினால் கடைசிச் சொல் வரை நின்று கேளுங்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் முதல் சொல்லிலேயே கிளம்பிவிடுங்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு.