அத்தையும் பார்த்த வரையாடு

அம்மாவின் தம்பி, ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ஃபிளாட்டிலேயேதான் இருந்தார். லீவு நாளென்றால் மாமா எனக்குத்தான். எனக்கு ஒன்பது வயதானபோது அவர் கல்யாணம் முடித்து, புது அத்தையை விசிட் விசாவில் அழைத்துவந்தார். என் லீவு நாட்கள் போயின. என் அறையும் போயிற்று. அத்தையிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

அத்தை ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், புஜைரா பக்கம் மலைகளுக்கு நடுவே இருந்த வனவிலங்குச் சரணாலயத்துக்கு மாமா எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். அங்கே வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் நடக்க வேண்டும். வழிகாட்டி பெஷாவர்க்காரர். வரையாடு இங்கே உண்டு, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம் என்று இந்தியில் சொன்னார். மாமா அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார், அத்தைக்கு மட்டும்.

இருபுறமும் செங்குத்துப் பாறை. வறண்ட ஓடையில் உருண்டைக் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மாமா அத்தைக்குக் கை கொடுத்தார். நான் யார் கையும் பிடிக்காமல் தாவினேன். யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் உச்சி விளிம்பில் அதைப் பார்த்தேன். பழுப்பு உடம்பு, கழுத்தெல்லாம் முடி.

"மாமா, ஆடு."

மாமா அத்தையின் அறுந்த செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அது போய்விட்டது. வழிகாட்டி தொலைநோக்கியில் துழாவிவிட்டு, நிழலாக இருக்கும் என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"நானும் பாத்தேனே," என்றார் அத்தை. "அந்தா, அந்தப் பாறைமேலதான் நின்னுச்சு."

மாமா உடனே நம்பினார். எல்லோரும் அத்தையைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நான் கண்டுபிடித்த ஆட்டிலும் பாதியை அவர் எடுத்துக்கொண்டார்.

நடையின் முடிவில் ஒரு சுனை இருந்தது. தண்ணீரில் கால் வைத்தபடி அத்தை என் காதருகே குனிந்தார்.

"கொம்பு எப்டிடி இருந்துச்சு? உங்க மாமா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அப்படியென்றால் அவர் பார்க்கவே இல்லை. ஆடு முழுக்க என்னுடையது. அந்தச் சந்தோஷத்தில், பின்னால் வளைந்திருந்ததென்று தாராளமாகச் சொல்லிக்கொடுத்தேன். பார்க்காததை ஏன் பார்த்ததாகச் சொன்னார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மறுவாரம் அத்தையை விமானம் ஏற்றிவிட்டோம். மாமாவுக்கு அடுத்த லீவு கிடைத்தால்தான் இனி இருவரும் பார்த்துக்கொள்ள முடியும் என்று அம்மா சொல்லியிருந்தார். திரும்பும்போது காரில் முன்சீட்டு எனக்குக் கிடைத்தது. ரோலாவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் மாமா திரும்பாமல், நேரே ஓட்டிக்கொண்டே போனார். எனக்கு மட்டும் எங்கோ சுற்றிக்காட்டப் போகிறார் என்று நினைத்து, நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.