ஜூலியா வரைந்த கடை

கடைகளில் வயர் போகும் வழியை ஜூலியா திட்டிக்கொண்டேதான் வரைவாள். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒரு கட்டம் போடுவாள்; அது பில் போடும் கம்ப்யூட்டர். "இதோட வயர்லயே கேமராவையும் சேத்து வுட்டிருக்கானுங்க பாரு, அறிவு கெட்டவனுங்க" என்று, முன்னால் வேலை செய்த ஆளுக்கு ஓர் அர்ச்சனை நடக்கும். அதன் பிறகுதான் அடுத்த கட்டம்.

சங்கராபுரத்தில் சுபாஷ் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் பல வருஷமாக வயர் இழுக்கிறாள். ஏணியில் ஏற வசதியாகச் சுடிதார் மேல் புருஷனின் பழைய சட்டை. ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிடுவாள். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க்கை எப்படித் திட்டமிடுவது என்று அங்கே ஒரு வகுப்பு. இன்றைக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், ஒன்று படுத்தால் எல்லாமே படுத்துவிடாமல் இருக்க என்ன வழி என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும் என்று படித்ததிலிருந்து அவள் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை நாளும் எதையும் கேட்காமலே சுவரைத் துளைத்திருக்கிறோமே என்ற கோபம். நியாயமான கோபம்தான்.

கடைக்காரர்கள் அவளைக் கண்டாலே நெளிவார்கள்.

"வயர இழுத்துட்டுப் போம்மா. இன்னாத்துக்கு இம்மாங் கேள்வி?"

"அப்பறம் நின்னுபோச்சின்னு போன் போடுவீங்கல்ல, அதுக்கு."

கொளஞ்சியப்பனின் ஜவுளிக்கடைதான் அவள் தனியாகத் திட்டம் போட்ட முதல் வேலை. இது ஒழுங்காக ஓடினால் அடுத்து ஓர் அரிசி ஆலையையும் அவளே வரையலாம், சொதப்பினால் பழையபடி வயர் இழுக்கிற வேலைதான் என்று சுபாஷ் சொல்லியிருந்தார்.

அங்கே வயர் வேலை முடிந்த கையோடு ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு நம் ஊரில் எந்தப் பெட்டியும் தப்பிக்க முடியாது. ஜவுளிக்கடையிலிருந்த எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டு, திரும்பச் செருகினார்கள். மறுநாள் தீபாவளித் துணி எடுக்க வந்த கூட்டம் காத்து நிற்க, ஒரு கம்ப்யூட்டரிலும் பில் வரவில்லை. போன் வந்து சுபாஷும் ஜூலியாவும் ஓடினார்கள்.

"பொம்பள கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார் கொளஞ்சியப்பன், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

ஜூலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியைப் பார்த்தாள். விளக்குகள் அத்தனையும் வெறிபிடித்து ஒன்றாகத் துடித்தன. வரப்போகும் புது பில் கவுண்டருக்கென்று ஒரு வயரை அதில் செருகி, மறுமுனையைப் பக்கத்திலேயே சுருட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்த முனையையும் யாரோ அதே பெட்டியில் செருகியிருந்தார்கள். போன செய்தியே திரும்பத் திரும்ப உள்ளே வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, வழியை அடைத்துவிட்டது. உருவினாள். பில் ஓடியது.

"எவ பாத்த வேல இது?" என்று கொளஞ்சியப்பன் வேலையாட்களைப் பார்த்துக் கத்தினார்.

கடையைக் கூட்டிப் பெருக்கும் ராணியம்மாள் முன்னால் வந்தார். கல்வராயன் மலைக்காரர். "நாந்தாங்க. தொடைக்கசொல்ல சும்மா தொங்கிக்கினு இருந்துச்சிங்க. பக்கத்துல ஒரு ஓட்ட காலியா இருந்துச்சி. சொருகி வுட்டேன்."

"நாளையிலேந்து நீ வராத. கெளம்பு."

சுபாஷ் ஜூலியாவின் காதருகே குனிந்தார். "நம்ம மேல தப்பில்லன்னு ஆயிப்போச்சி. வாய மூடிக்கினு வா."

தப்பில்லையாம்! தொங்கவிட்டது யார்? பக்கத்தில் காலி ஓட்டை இருந்தால் யார் கையும் செருகத்தான் செய்யும். அதையும் யோசித்து வரையத்தானே வாராவாரம் பஸ் ஏறினாள்? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. குனிந்து அந்த முனையைத் திரும்பவும் செருகினாள். எல்லாக் கவுண்டரும் நின்றன. கூட்டம் கத்தியது.

"அந்தம்மா பண்ணது இதான சார்? இப்ப நானும் பண்ணிட்டேன். தொங்க வுட்டதும் நான்தான், தப்பும் என்னுதுதான். அவங்கள நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க."

சுபாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மொதல்ல அதப் புடுங்கும்மா!" என்று கொளஞ்சியப்பன் அலறினார்.

ஜூலியா பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்று, கையைக் கட்டிக்கொண்டாள்.